ஏழாவதை விட வேண்டாங்க, கொஞ்சம் ஆறப் போடுங்கள்

கோபியிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம்ங்க. சூக்கி ஸ்டாக்ஹவுஸ் என்ற பெண்ணைச் சுற்றி நடக்கும் ஆங்கிலக் காட்டேரிக் கதை வரிசையில் ஆறு நாவல்களை இரண்டே வாரத்தில் முடித்துவிட்டு, காட்டேரிக் காதலும் அலுக்கிறது, சிரிப்பும் வரவில்லை, ஏழாவதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம். சார்லைன் ஹாரிஸ் இந்த 13 நாவல்களையும் 2001 முதல் 2013 வரை ஆண்டுக்கு ஒன்றாகத்தான் வெளியிட்டார். ஒரு வருடம் காத்திருந்த வாசகருக்கு, சூக்கி அடுத்தவர் மனதைக் கேட்பவள், செயற்கை ரத்தம் வந்த பிறகே காட்டேரிகள் வெளியே தலைகாட்டினார்கள் என்றெல்லாம் மறுபடி சொல்லத்தான் வேண்டும். நேற்று ராத்திரி முந்தைய புத்தகத்தை மூடிய உங்களுக்கு அது அரைத்த மாவு. அந்தப் பத்திகளைத் தயங்காமல் தாண்டுங்கள்.

நம்ம பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். நடுவில் பகல் இருக்கிறது, தோட்டத்து வேலை இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் அடுத்த ராத்திரிக்கு ஆசை ஊறும். நானும் ஈரோடு-கோவை ரயிலில் தினமும் போய்வந்தபோது இதே வரிசையை அடுத்தடுத்துப் படித்து ஐந்தாவதில் நின்றுவிட்டேன். ஒரு மாதம் வேறு சிறுகதைகள் படித்துவிட்டுத் திரும்பினேன். சூக்கியின் வாய்த்துடுக்கு மறுபடி சிரிக்க வைத்தது.

நினைவிழந்த காட்டேரி எரிக் வரும் நாலாவது பிடித்ததாகச் சொன்னீர்கள். ஏழாவதில் காட்டேரிகளின் மாநாட்டுக்காகக் கதை வேறு நகரத்துக்குப் போகிறது. அதைக் களைத்த மனதோடு தொடாதீர்கள். இரண்டு வாரம் போகட்டும். அப்புறம் எப்படி இருந்தது என்று சொல்லுங்க.