அப்பா தினமும் எடை பார்க்க மறுக்கிறார் என்று கேட்டவருக்கு

இதயச் செயலிழப்புக்கு மருந்து எடுக்கும் உங்கள் அப்பா, "நான் என்ன குண்டாகவா இருக்கேன், தினமும் எடை பார்க்க?" என்று கோபப்படுவதாக எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயம்தான். எடை என்றாலே கொழுப்பு, டயட் என்றுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். எதற்காகப் பார்க்கச் சொல்கிறார்கள் என்று யாரும் பொறுமையாக உட்கார்ந்து அவரிடம் பேசியிருக்க மாட்டார்கள்.

இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாதபோது உடம்பில் நீர் தேங்கும். இங்கே கவனிப்பது அந்த நீரைத்தான், கொழுப்பை அல்ல. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பிட்டு வந்த சதை இல்லை. மூச்சு வாங்குவதற்கும் கால் வீங்குவதற்கும் முன்பே பல நேரம் எடை ஏறத் தொடங்கிவிடும். அப்போதே டாக்டரிடம் சொன்னால், நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்றியே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

உப்பு நீரைத் தேக்கும் என்பதால், எண் கூடினால் "ஊறுகாய் தொட்டீங்களா?" என்று வீட்டில் விசாரணை நடக்குமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. தயவுசெய்து திட்டாதீர்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், லேசான உடையில் பார்த்து, காலண்டரில் அவர் கையாலேயே எழுதட்டும். மிஷின் வெறும் தரையில் இருக்கட்டும், பாய் மேல் வேண்டாம்.

அப்புறம், எத்தனை கிலோ ஏறினால் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். எடை மளமளவென்று குறைந்தாலும் சொல்ல வேண்டும். எடை ஏறாமலேயே, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.