சாரையை வாங்கி விடலாமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பு வாங்கி, சாளை (தோட்டத்து வீடு) கட்டிக் குடிவந்திருக்கிறோம். மோட்டார் ரூம் பக்கத்தில் நல்ல பாம்பு நடமாட்டம் இருக்கிறது. "நாலு சாரையைப் பிடித்துத் தோப்பில் விடுங்கள், விஷப்பாம்பு அண்டாது" என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். பிடித்துத் தரவும் ஆள் வைத்திருக்கிறார். செய்யலாமா ஐயா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் அந்த ஆளைத் திருப்பி அனுப்புங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். அப்படியே விட்டாலும், பழகாத இடத்தில் விட்ட பாம்பு உங்கள் வேலிக்குள் இருக்கும் என்று யார் சொன்னது?

தோட்டக்காரர் சொல்வது முழுக்கக் கட்டுக்கதையும் அல்ல, ஊர்தான் வேறு. அமெரிக்காவில் கிங்ஸ்நேக் என்ற விஷமில்லாத பாம்பு, கிலுகிலுப்பைப் பாம்பையே நெரித்து விழுங்கும். அந்த விஷம் இதை அவ்வளவாகப் பாதிக்காது. பிரேசிலில் முசுரானா என்று ஒன்று, அங்குள்ள விரியன்களைத் தின்னும்.

நம் சாரைக்கு வேண்டியது எலியும் தவளையும் ஓணானும்தான். எப்போதாவது குட்டிப் பாம்பைத் தின்னலாம். வளர்ந்த நல்ல பாம்போடு மல்லுக்கு நிற்காது. சொல்லப்போனால் நல்ல பாம்புதான் சாரையைப் பிடித்து விழுங்கும். கட்டுவிரியனும் பாம்பு தின்னிதான். பாம்பே பிரதான சாப்பாடு என்று இங்கே இருப்பது ராஜநாகம். அதைத் தோப்புக்குக் கூப்பிடமாட்டீர்கள்!

ஆனால் தோப்பில் ஏற்கெனவே சாரை இருந்தால் அடிக்க விடாதீர்கள். அது எலியைக் குறைக்கும். எலி குறைந்தால் நல்ல பாம்புக்கு அங்கே வேலை குறையும். சாரை ஆளுயரத்துக்கு மேல் நீண்டு, பட்டப்பகலில் விறுவிறுவென்று ஓடும், கண் பெரிது, படம் எடுக்காது. இத்தனை இருந்தும் நல்ல பாம்பு என்று சொல்லி அதைத்தான் அதிகம் அடித்துக் கொல்கிறோம்.

மிச்ச வேலை உங்கள் கையில். மட்டைக் குவியலையும் தேங்காய்த் தொட்டிக் குவியலையும் சாளையிலிருந்து தள்ளிப் போடுங்கள். கோழித் தீவனத்தை மூடி போட்ட டின்னில் வையுங்கள், ராத்திரி சிந்திக் கிடக்கக் கூடாது. எலி வளையை அடையுங்கள். மோட்டார் ரூம் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள். இருட்டில் மோட்டார் போடப் போகிறவர் கையில் டார்ச், காலில் ஷூ. அப்புறம், யாரும் தரையில் படுக்க வேண்டாம்: கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்றுவலி, இமை தூக்க முடியவில்லை என்றால் கை வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: சாரையும் நல்ல பாம்பும் பின்னி ஆடுவதைப் பார்த்தேன். பிறக்கும் குட்டிக்கு விஷம் இருக்குமா?
– இன்னொரு வாசகர்

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். நடந்தது சண்டை. சாரையும் நல்ல பாம்பும் இணைசேர்வதில்லை, அதனால் குட்டிப் பேச்சே கிடையாது. அதிர்ஷ்டம் வரும் என்று வேட்டியை அவிழ்த்து அதன்மேல் போட்டிருந்தால், துவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.