ரோசி ஆடிய ஆட்டம்

அன்புள்ள ரீச்சர்,

பி. கே. ரோசியைப் பற்றி யூரியூபில் பார்த்த நாளிலிருந்து மனம் ஆறவில்லை. மலையாளத்தின் முதல் ஊமைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தின் கதாநாயகி அவர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் நாயர் பெண்ணாக நடித்துவிட்டார் என்று திரைக்குக் கல்லெறிந்து, அவரையும் ஊரைவிட்டே விரட்டியிருக்கிறார்கள். பாவம். நான் வடமோடிக் கூத்துப் பழகுகிறேன். நல்லவேளை, மட்டக்களப்பில் கலைஞரை யாரும் அப்படி நடத்தியதில்லை. அந்தப் படத்தை இப்போது பார்க்க முடியுமா? வெளியானது 1928இலா, 1930இலா? கதையில் இலங்கையும் வருகிறதாமே?

சி., களுவாஞ்சிக்குடி

அன்பு மகள்,

படத்தைப் பார்க்க முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. இலங்கை வருகிறது: திருவிதாங்கூர்ப் பணக்காரர் ஒருவரின் பிள்ளையைக் கொழும்புக்குக் கடத்திவந்துவிடுகிறார்கள்; அவன் இங்கே தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். ஆண்டு வழக்கை ஆய்வாளர்கள் பேசித் தீர்க்கட்டும்.

சில நாட்களாக நானும் ரோசியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் கடிதம் கண்டதும் சந்தோஷம் வந்தது, வாசித்து முடித்ததும் கோபம் வந்தது. விழுந்த கல்லைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆடியவளின் ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கூத்துப் பழகும் பிள்ளை அதையல்லவா முதலில் கேட்க வேண்டும்?

படத்தை இயக்கிய ஜே. சி. டேனியல் அவரைக் கதாநாயகியாக்குவதற்கு முன்பே ரோசி காக்காரிசி நாடகம் ஆடியவர். சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவராக வரும் ஆட்டம் அது. தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவார்கள், பாடுவார்கள். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த அந்த அரங்கில் பெண்ணாகவே ஏறி நின்றவர். பாட்டோடு ஆடிப் பழகிய அப்படிப்பட்ட ஒருவரிடம், பாட்டும் பேச்சும் இல்லாமல் கண்ணாலும் கையாலும் மட்டும் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக வா என்றது ஊமைப்படம். அவர் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில்தான் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கலவரம் மூண்டது என்று சொல்கிறார்கள். நடிப்பு எடுபடாமல் போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். திரையில் நின்றவள் அசல் நாயர் வீட்டுப் பெண்ணாகவே தெரிந்ததால்தான் அவர்களால் அதைத் தாங்கமுடியவில்லை என்று நான் நம்புகிறேன்.

இனி அந்த வரிக்கு வருகிறேன். ‘மட்டக்களப்பில் யாரும் அப்படி நடத்தியதில்லை’ என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? இங்கே கல்லெறியத் தேவை வரவில்லை, மகள். கூத்து ஆடும் களரியில் அன்று பெண்ணை ஏறவிட்டால்தானே எறிவதற்கு!

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் வளவில்தான் கூத்துப் பழகுவார்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு முற்றத்தில் இருப்பார், பக்கத்தில் தாளம் போடும் சல்லாரிக்காரர். அப்பாவின் தங்கை, என் மாமி, குசினியில் இருப்பார். சுபத்திரைக்கு ஆடிய சித்தப்பா தரு என்னும் கூத்துப்பாட்டில் தடுமாறினால் அடுத்த அடி அடுப்படியிலிருந்து வரும். அண்ணாவியார் திரும்பிப் பார்க்கமாட்டார், கேட்டதாகவும் காட்டிக்கொள்ளமாட்டார். மத்தளத்தை மட்டும் அந்த அடியிலிருந்து எடுப்பார். மாமியின் பக்கத்தில் இருந்த எனக்குத்தான் மற்றது தெரியும். திருவலையில் குந்தித் தேங்காய் துருவுகிறபோது அவருடைய வலது குதிகால் சாணி மெழுகிய நிலத்தில் தாளம் விடாமல் விழும். முற்றத்தில் தீர்மானம் என்னும் முடிவுத் தாளக்கட்டு முடிகிற இடத்தில் துருவுகிற கையும் நின்றுவிடும். அரங்கேற்ற இரவில் பிள்ளைகளோடு பாயில் இருந்து, தனக்கு மனப்பாடமான வேடத்தைச் சித்தப்பா ஆடுவதைப் பார்த்தார். சதங்கை கட்டாமலே செத்துப்போனார். அவர் பாடிய ஒரு தருவையும் யாரும் பதிந்துவைக்கவில்லை.

மாமிக்கு நடந்ததும் ரோசிக்கு நடந்ததும் ஒன்றென்று சொல்லவில்லை. மாமிக்குப் பெண்ணாய்ப் பிறந்தது மட்டும்தான் தடை. வீடும் வளவும் சாதியும் அவர் பக்கம் இருந்தன. ஆனால் எங்கள் அம்மன் சடங்கை நினைத்துப் பாருங்கள். பறைமேளம் இல்லாமல் அது நடக்காது. அடிக்கிறவர் மட்டும் வெளியே நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் ஒருத்தி அன்று எங்கள் களரியில் அரசியாக நுழைந்து வரவு ஆட்டம் ஆடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கேப்பிட்டல் தியேட்டரில் அகப்பட்ட கல் இங்கேயும் அகப்பட்டிருக்கும். இதை மூன்று தரம் வாசியுங்கள். ‘நல்லவேளை’ என்று எழுதுகிற பழக்கம் உங்கள் வயதிலேயே விட்டுப்போக வேண்டும்.

ரோசி நாகர்கோவில் பக்கம் போய், லொறி ஓட்டுநர் ஒருவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்தார். பிறகு நடிக்கவே இல்லை. 1988இல்தான் இறந்தார். அவ்வளவு காலம் இருந்தவரிடம், அந்தப் பூக் காட்சியில் கண்ணை எங்கே வைத்தீர்கள் என்று கேட்க ஒருவர் போயிருக்கலாம். 2023இல் கூகுள் தன் முகப்பில் அவரை வரைந்தது. நல்லதுதான், ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லை.

உங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவே மறந்துவிட்டேன், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அம்மம்மா இருக்கிறாரா? அவருக்கு என்னென்ன தரு தெரியும் என்று கேட்டு, தொலைபேசியில் பதிந்து அனுப்புங்கள். தெரியாது என்றுதான் முதலில் சொல்வார். வீட்டு ஆண்கள் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து, குசினியில் வைத்துக் கேளுங்கள்.