டேஷ்போர்டில் கை வைக்குமுன் லீக்கைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: 15 வருடப் பழைய கார். ஏ.சி.க்கு கேஸ் ஏற்றினால் இரண்டு மாதத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் போய்விட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: லீக் எங்கே என்று காட்டினால் நம்பலாம். ஏ.சி. கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை. பழைய வண்டியில் ஹோஸ், சீல் வழியாக வருடத்துக்குக் கொஞ்சம் குறையும். இரண்டு மாதத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைத் தேடாமல் மறுபடி மறுபடி கேஸ் ஏற்றிவிடுபவர் உங்களை நிரந்தர வாடிக்கையாளராக வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கேஸோடு ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுபிசுப்பும் அதில் அப்பிய தூசியும் இருக்கும். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசரின் கிளட்ச் பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரின் கீழ் ஓரம், ரப்பர் ஹோஸ் அலுமினியக் குழாயோடு சேரும் இடம், பைப் ஜாயின்ட்டுகள் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸ் ஏற்றும் வாய்கள் இரண்டிலும் மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு பின்னை மாற்றினால் போதும். அற்பமான சாமான் என்பதாலோ என்னவோ, யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பம்ப் வைத்து உள்ளே இருப்பதையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, “வேக்கம் அரை மணி நேரம் நின்றது, லீக் இல்லை” என்பார்கள். ஏமாறாதீர்கள். வேக்கத்தில் இருக்கும் அழுத்த வித்தியாசம் ஒரு பார்தான் (பார் என்பது அழுத்த அளவு), ஏ.சி. ஓடும்போது கம்ப்ரசருக்கு அடுத்த ஹை சைடில் 15 பார், அதற்கு மேலும் போகும். அதோடு, சில சீல்கள் வேக்கத்தில் இழுபட்டு அடைத்துக்கொள்ளும். உலர்ந்த நைட்ரஜனை 10 பாருக்கு ஏற்றி, சோப்பு நுரை அடித்துப் பார்ப்பதே சோதனை. ஒர்க்‌ஷாப்பில் சிலிண்டர் இருக்கும், பொறுமைதான் இருக்காது. தேடும் நேரத்துக்கு பில் போட முடியாது, சாமானுக்குப் போடலாம். தேடுவதற்குத் தனிக் கூலி தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். லீக் அடைக்கும் கேன் மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் அது உள்ளேயே இறுகி, கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பேன்ஷன் வால்வை அடைத்துவிடலாம்.

கூலிங் காயில் மட்டும் தனிக் கதை. பெட்டிக்குள் ஒளிந்திருப்பதால் நுரை எட்டாது. அதற்கு இப்படிச் செய்யச் சொல்லுங்கள்: சிஸ்டத்தில் கேஸ் இருக்க வேண்டும். சிறிது நேரம் ஏ.சி. ஓட்டி, இன்ஜினையும் புளோயரையும் நிறுத்தி 15 நிமிடம் விட வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். பிறகு தண்ணீர் சொட்டும் டிரெயின் குழாயின் வாயில் லீக் டிடெக்டரின் முனையைப் பிடிக்க வேண்டும். தண்ணீரை அது உறிஞ்சிவிடக் கூடாது. புளோயர் ஓடினால் கேஸ் கலைந்துவிடும். காருக்குள் வைத்த வாசனைத் திரவியத்துக்கும் சில கருவிகள் கத்தும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். சற்று இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை பிடித்தும் அங்கேயே கத்தினால் டேஷ்போர்டைக் கழற்றலாம்.

சிஸ்டத்தைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரும், பிரித்த ஜாயின்ட்டுகளின் ஓ ரிங்குகளும் (ரப்பர் வளையங்கள்) புதிதாகப் போட வேண்டும். கேஸை பானட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி எடைபோட்டு ஏற்ற வேண்டும். நிறுத்திய வண்டியில் மீட்டரைப் பார்த்து அளவு சொல்வது ஏமாற்று: 30 டிகிரியில் ஆர்134ஏ கேஸ் (இந்த வயதுக் கார்களில் வழக்கமான ஏ.சி. கேஸ்) பாதி இருந்தாலும் முழுதாக இருந்தாலும் முள் ஏறக்குறைய 6.7 பாரில்தான் நிற்கும்.

கழற்றிய காயிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்ணெய்க் கறையே இல்லாவிட்டால், கேஸ் வேறெங்கோ கசிந்திருக்கலாம்.