தொங்கும் கூரைத் துணிக்கு எந்தப் பசை?

கேள்வி: என் காருக்கு 12 வயது. வீட்டில் ஷெட் இல்லாததால் எப்போதும் வெயிலில்தான் நிற்கும். பின் சீட்டுக்கு மேலே கூரைத் துணி தொங்கித் தலையில் இடிக்கிறது. மர வேலைக்கு வாங்கிய வெள்ளை ஃபெவிகால் மிச்சம் இருந்தது, அதை வைத்து ஒட்டினேன். ஒரே வாரத்தில் மறுபடி இறங்கிவிட்டது. ஒரு கடைக்காரர் ஸ்ப்ரே பசை வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் ரப்பர் பசை என்கிறார். எதை வாங்குவது?

பதில்: கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை. தொங்கும் துணியின் ஓரத்தை லேசாக விலக்கி, அதன் உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பொடி ஒட்டிக்கொண்டு வருகிறதா? அப்படியென்றால் எந்தப் பசையும் இப்போதைக்கு நிற்காது. கூரைத் தகட்டுக்குக் கீழே துணியைத் தாங்கும் அட்டை ஒன்று உண்டு, அந்த அட்டைக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய ஸ்பாஞ்ச் இருக்கிறது. வருடக்கணக்கில் சூடும் ஈரக்காற்றும் பட்டு அது உதிர்ந்துபோகும். நீங்கள் வைத்த பசை அந்தப் பொடியைத்தான் பிடித்தது, பொடியோ அட்டையை விட்டுவிட்டது.

அதனால் அட்டையை வெளியே எடுத்து, நைலான் பிரஷால் ஸ்பாஞ்ச் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும். வேலையில் பாதி நேரம் இதற்கே போகும், ஆனால் இங்கே அவசரப்படாதீர்கள். பழைய துணியைத் திரும்பப் போட்டால் சுருக்கம் தெரியும். சீட் கவர் கடையில் ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும் கூரைத் துணி கேட்டு வாங்குங்கள். கூரை ஓரமாக கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் ஜன்னல் பக்கம் திரைபோல விரியும் காற்றுப் பை) உள்ள காரென்றால் அட்டையை நீங்களே கழற்ற வேண்டாம், சர்வீஸ் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது பசைக்கு வருவோம். வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும், கூரைத் தகடு அதைவிடக் கொதிக்கும். வெள்ளைப் பசை மரத்துக்கானது, அந்தச் சூட்டில் இளகிவிடும். குளூ கன் பசையும் அப்படித்தான். ஃபெவிக்விக் காய்ந்தால் கல்லாகிவிடும், துணி வளையும் இடத்தில் விரிசல் விடும், பக்கத்துக் கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படியும்.

உங்களுக்கு வேண்டியது சூடு தாங்கும் காண்டாக்ட் பசை. 'ரப்பர் பசை' என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான். இது டப்பாவிலும் வரும், ஸ்ப்ரேயாகவும் வரும். டப்பாவில் வருவதை பிரஷால் தடவலாம், ஆனால் மெல்லிய துணியில் கட்டியாக விழுந்தால் மேலே கறை தெரியும். அதனால் கூரைக்கு ஸ்ப்ரேதான் என் தேர்வு. அதிலும் காகிதம், தெர்மாகோல் ஒட்டும் பொதுவான ஸ்ப்ரேயைத் தலையில் கட்டிவிடுவார்கள். 'ஹெட்லைனர்' (கார் கூரையின் உள்துணி) என்று லேபிளில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் எண் ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரிய டின்னிலிருந்து பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள், அது எத்தனை நாள் திறந்து கிடந்ததோ!

அட்டை, துணி இரண்டிலும் அடித்து, விரல் வைத்தால் பிசுக்கென்று இருந்தும் விரலோடு நூல் வராத பதம் வரும்வரை காத்திருங்கள். ஈரமாகவே ஒட்டுவதால்தான் பலருக்குக் கொப்புளம் எழும்புகிறது. அப்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போங்கள். ஒட்டியதை எடுத்துத் திரும்ப வைக்க முடியாது. ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். வேலையை வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

கேள்வி: அதே ஸ்ப்ரேயால் கதவு ரெக்சினையும் சீட் கிழிசலையும் ஒட்டிவிடலாமா?

பதில்: ரெக்சினுக்கு வேண்டாம். அதை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியேறி, சாதாரண ரப்பர் பசையைக் கூழாக்கிவிடும். 'பிவிசி, வினைல்' என்று குறிப்பிட்ட பசையாகக் கேளுங்கள்.

சீட் கிழிசலுக்கு அடியில் துணி ஒட்டு கொடுத்தால்தான் நிற்கும், தையல் விட்டிருந்தால் தைக்கத்தான் வேண்டும். ஆனால் சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சிறு பட்டை தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத் தையலில் பசையும் வேண்டாம், தெருமுனைத் தையலும் வேண்டாம். விபத்தில் பை வெளியே வரும் வழி அதுதான்.