கேள்வி-பதில்: கீசரும் நூறு சதவீதமும்

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? (கடலூர் முதுநகர்)

குளிராது, சூடேறும். உள்ளே உறிஞ்சுகிற சூட்டோடு, இழுக்கிற கரண்டையும் சூடாக்கிப் பின்பக்கம் அதே அறைக்குள்தான் விடுகிறது.

நீராவி 540 டிகிரி, அதைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் 45 டிகிரி. சூட்டில் எவ்வளவு வேலையாக மாறலாம் என்று சொல்லும் கார்னோ சூத்திரப்படி 92 சதவீதம் வருகிறதே, அனல்மின் நிலையத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது என்கிறார்கள். மீதி எங்கே? (நெய்வேலி)

செல்சியஸை அப்படியே போட்டிருக்கிறீர்கள். எத்தனை தடவை எழுதுவது? முதலில் 273-ஐக் கூட்டிக் கெல்வினாக்குங்கள். 318-ஐ 813-ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் உச்சவரம்பே 61 சதவீதம்தான். 1824-இல் கார்னோ போட்ட கோடு அது. உராய்வும் கசிவும் அதிலும் கடிக்கும். உங்கள் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை ஆவியாக்கிய சூடு புகைபோக்கி வழியே போய்விடும்.

கீசர் 100 சதவீதத் திறன் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? (முத்தியால்பேட்டை)

பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கிறார். ஒரு யூனிட் கரண்ட் போனால் ஒரு யூனிட் சூடு வரும், டாங்கிக் கசிவு போக. ஆற்றல் அழியாது, புதிதாக உண்டாகாது என்கிற வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்கு அது போதும். இரண்டாம் விதி வேறு கேள்வி கேட்கும்: எந்தத் தரத்துச் சூடு?

அந்த ஒரு யூனிட்டுக்கு நெய்வேலியில் சுமார் ஒரு கிலோ நிலக்கரி எரிகிறது. அதிலிருந்து கிடைப்பது மூன்று யூனிட் சூடு. இரண்டைக் கண்டென்சரிலும் புகையிலும் தொலைத்து, மிச்ச ஒன்றை மோட்டாரும் விளக்கும் ஓட்டக்கூடிய உயர்தரக் கரண்டாக்கி அனுப்புகிறார்கள். அதை வாங்கி 42 டிகிரி வெந்நீர் போடுகிறோம். கண்டென்சரில் வீணென்று விடுகிற சூடும் ஏறக்குறைய குளிக்கிற பதம்தான்! குழாய் போட்டுப் புதுச்சேரி வரை கொண்டுவர முடியாது என்பதுதான் தொல்லை.

மாடி இருந்தால் சோலார் வாட்டர் ஹீட்டர் போடுங்கள். இல்லையென்றால் ஹீட் பம்ப்: ஒரு யூனிட் கரண்டில், வெளிக்காற்றுச் சூட்டையும் இழுத்து, மூன்று யூனிட் வரை தரும். ‘300 சதவீதமா, விதியை மீறுகிறதே’ என்று எழுதாதீர்கள். அது சூட்டை இடம் மாற்றுகிறது, உண்டாக்கவில்லை. விலை அதிகம்தான். ஆனாலும் நம் ஊர் வெயிலுக்கு கீசர் எதற்கு என்று ஒவ்வொரு மார்கழியிலும் கேட்டுக்கொண்டேயிருப்பேன்.

ஏப்ரல் மதியம் சோலார் பேனல் குறைவாகத் தருகிறதே? (பாகூர்)

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரியில் சோதித்த பேனல், மொட்டைமாடியில் 60-ஐத் தொடும். ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும் என்றால் 14 சதவீதம் போச்சு. அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். ‘மாதம் 5 கிலோவாட் வருகிறது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்கு வருவது யூனிட், கிலோவாட் இல்லை.

மோட்டார் டைனமோவைச் சுற்றும், டைனமோ மோட்டாரை ஓட்டும், மிச்சக் கரண்ட் வீட்டுக்கு. அட்வான்ஸ் கேட்கிறார்கள். (சிதம்பரம்)

கொடுக்காதீர்கள்.