வேர்க்கடலை அலர்ஜி இருக்கிற பையனோட வெளிநாடு போறோம், வெளிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

தாராளமா போங்க, ஆனா தயாராகிட்டு போங்க.

ஹோட்டல்ல "இதுல கடலை இருக்கா"ன்னு மட்டும் கேட்டா பத்தாதுங்க, சர்வர் இல்லைன்னுதான் சொல்வார், அவர் பொய் சொல்லல, ஆனா உள்ள அதே எண்ணெய்ல முன்னாடி கடலை போட்ட ஐட்டம் பொரிச்சிருப்பாங்க, அதே கரண்டி அதே கட்டிங் போர்டு, அலர்ஜிய கிளப்புற புரோட்டீன் சூட்டுல அழிஞ்சிடாது. அதனால சமைக்கிறவர்கிட்டயே கேளுங்க, கூட்டமில்லாத நேரமா போனா நின்னு பதில் சொல்வாங்க. பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜின்னு அந்த ஊர் மொழியில எழுதின கார்டு ஒண்ணு கையில இருக்கட்டும். பதில் மழுப்பலா இருந்தா எழுந்து வந்துடுங்க, கூச்சமே வேண்டாம்.

பாக்கெட் ஐட்டம்னா, ஐரோப்பிய யூனியன்ல 14 அலர்ஜி பொருள், அமெரிக்கால 9, லேபிள்ல போட்டே ஆகணும், கடலை ரெண்டுலயும் உண்டு. "கலந்திருக்கலாம்"ங்கிற எச்சரிக்கை மட்டும் கட்டாயமில்ல, அது இல்லன்னா சேஃப்னு நம்பாதீங்க.

முக்கியமானது எபிநெஃப்ரின் ஊசி, அதாவது கடுமையான அலர்ஜி வந்தா நாமளே உடனே போடுற, பேனா மாதிரி இருக்கிற ஊசி. டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டு வாங்கி, அவர் லெட்டரோட கைப்பையிலயே வைங்க, செக்-இன் லக்கேஜ்ல போடவே போடாதீங்க. தடிப்போட மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ வந்தா உடனே தொடையோட வெளிப்பக்கம் போட்டுடணும், பேன்ட் மேலயே போடலாம், அப்புறம் ஆம்புலன்ஸ், நடக்க விடாம படுக்க வைங்க, மூச்சு முட்டினா உக்கார வைங்க. அலர்ஜி மாத்திரை குடுத்துட்டு பாப்போம்னு காத்திருக்கிறதுதான் ரொம்ப ஆபத்து. 5 நிமிஷத்துல தேறலன்னா ரெண்டாவது ஊசி.